எர்த்திங்கும் உலோகப் பிணைப்பும்: மதுரை வட்டாரம்

மின்கருவியின் உலோக உடலைக் கம்பி வழியாக மண்ணோடு சேர்ப்பது எர்த்திங். கைக்கெட்டும் தூரத்தில் உள்ள குழாய், தொட்டி, கருவி ஆகிய உலோகங்களை ஒன்றோடொன்று சேர்த்து, அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லாமல் செய்வது பிணைப்பு. இரண்டும் வேறுவேறு வேலைகள். வீடு கட்டும்போது எர்த் குழி தோண்டுவதை யாரும் மறப்பதில்லை. பிணைப்பைப் பலர் நினைப்பதே இல்லை.

1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டத்திலிருந்து மதுரைக்கு மின்சாரம் வந்தது. அதற்கான துணைமின்நிலையம் மதுரையில் அமைந்த பகுதிக்கு இன்றும் பைக்காரா என்றே பெயர். பின்னர் கிணறுகளில் பம்ப்செட்டுகள் பெருகின. 1990-ல் தமிழகம் முழுவதும் விவசாய மின்சாரம் இலவசமானது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று ஸ்டார்ட்டரைத் தொடும் மக்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். எர்த் சரியில்லாவிட்டால் முதலில் உயிருக்கு ஆபத்து வருவது அவர்களுக்குத்தான்.

எர்த்தின் தரத்தைத் தீர்மானிப்பது மண். வைகைக் கரையின் வண்டல் ஈரம் பிடித்து வைப்பதால் மின்சாரத்தை எளிதில் ஏற்கும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நனைந்திருக்கும்வரை மிக நல்லது. கோடையில் வெடித்துப் பிளந்தால் குழாயை விட்டு மண் விலகிவிடும். மேலூர் பக்கம் செம்மண்ணுக்கு அடியில் சீக்கிரமே பாறை வந்துவிடுகிறது. அங்கே குழாயை முழு நீளத்துக்கு இறக்குவதே பெரும்பாடு.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 3043, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் எர்த்துக்குக் குறைந்தது 38 மி.மீ. உள்விட்டமும் 2.5 மீட்டர் நீளமும் கேட்கிறது. நூறு ஓம்-மீட்டர் தடைத்திறன் உள்ள மண்ணில், அதாவது சுமாரான நல்ல மண்ணில், அப்படி ஒரு பைப்பின் மின்தடை ஏறத்தாழ 33 ஓம் வரும். இந்த எண்ணைக் கவனிக்க வேண்டும். கீஸருக்குள் ஃபேஸ் ஒயர் உடலைத் தொட்டுவிட்டால், மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பும் மின்னோட்டம் 7 ஆம்பியர்கூட இருக்காது. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. ஃபியூஸும் போகாது. கீஸரின் உடலோ 200 வோல்ட்டுக்கு மேல் ஏறி அப்படியே நிற்கும். குழியில் கரியும் உப்பும் கொட்டியாகிவிட்டது, இனிப் பயமில்லை என்ற நம்பிக்கை இந்த இடத்தில்தான் உடைகிறது.

உயிரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் அந்த அளவுக்கு வேறுபட்டாலே அது இணைப்பைத் துண்டிக்கும். கோடையில் மண் காய்ந்து குழியின் தடை பத்து மடங்கு கூடி 330 ஓம் ஆனாலும், கீஸரின் உடல் 10 வோல்ட்டுக்கு மேல் நீடிக்காமல் சுவிட்ச் விழுந்துவிடும். மோசமான மண்ணுள்ள ஊருக்கு இதைவிடப் பொருத்தமான காவல் கிடையாது. இதோடு குளியலறைக் குழாய்களையும் கீஸர் உடலையும் பச்சை ஒயரால் பிணைத்துவிட்டால், இரண்டை ஒரே நேரத்தில் தொடும் கைக்கும் பாதுகாப்பு கிடைக்கிறது.

போர்வெல் மோட்டாரில் சிக்கல் வேறு. முன்பு நீர்மூழ்கி மோட்டாரை ஜி.ஐ. பைப்பில் தொங்கவிட்டார்கள், அந்தப் பைப்பே மோட்டார் உடலை மேலேவரை எர்த்தோடு சேர்த்தது. இப்போது கறுப்பு பிளாஸ்டிக் ஹோஸில் இறக்குகிறார்கள். மூன்று கோர் தட்டை கேபிளில் மூன்று கம்பியும் மின்சாரத்துக்கே போய்விடும். எர்த்துக்குக் கம்பி மிஞ்சாது. ஹோஸோடு தனி எர்த் ஒயர் ஒன்றைக் கட்டி இறக்குவது அவசியம். தரையில் நிற்கும் மோட்டாருக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்புகள் வேண்டும் என்பது 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது.

உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும், ஆனால் ஜி.ஐ. பைப்பையும் அரிக்கும். செப்புக் கம்பியை நேரடியாக ஜி.ஐ. பைப்பில் முறுக்கிவிட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். ஈரத்தில் சேரும் இரு உலோகங்கள் ஒரு சிறு பேட்டரியாகிவிட, துத்தநாகப் பூச்சு முதலில் தின்னப்படும். காரைக்குடியில் 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பை ஆராய்ந்து வருவதால், இந்தப் பாடம் மதுரைக்குத் தொலைவில் இல்லை. சிறு பாய்மரப் படகு கட்டுவோருக்கும் இதுவே தலைவலி. கடல்நீர் மிக நல்ல எர்த். அதனாலேயே அரிப்பும் மிகக் கடுமை. எஞ்சின், சுழலி அச்சு, அடிப்பகுதி வால்வுகள் எல்லாவற்றையும் தடித்த செப்புக் கம்பியால் பிணைத்து, அவற்றுக்குப் பதிலாகக் கரைந்துபோகத் துத்தநாகக் கட்டி ஒன்றைப் பொருத்துவார்கள். எர்த் குழியில் அந்த வசதி இல்லாததால், வெள்ளீயம் பூசிய லக்கும் ஜி.ஐ. பட்டையும் வைத்து இணைப்பதே முறை. உப்புக்குப் பதில் பெண்டோனைட் களிமண் நிரப்புவது இன்னும் நல்லது.

மதுரையிலும் மிதக்கும் மேடை உண்டு. தை மாதத்தில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தெப்பம் வலம் வருகிறது. ஜெனரேட்டரில் விளக்கெரியும் எந்த மிதவையிலும் எர்த் குழிக்கு இடமில்லை. அங்கே ஜெனரேட்டரின் நியூட்ரலையும் அதன் உடலையும் மேடையின் இரும்புச் சட்டங்களையும் ஒன்றாகப் பிணைத்து, ஆர்.சி.சி.பி. வழியாக மின்சாரம் எடுப்பதே வழி.

ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அது கருவியை மட்டும்தான் சோதிக்கும், எர்த் குழியை அல்ல. குழியின் தடையை எர்த் டெஸ்டரால் தனியாக அளக்க வேண்டும். அளக்க ஏற்ற காலம் வைகாசி. ஐப்பசி மழையில் எடுத்த அளவு குழியின் நல்ல நாளை மட்டுமே காட்டும்.