பாதை மாறினால் பயணச்சீட்டு என்னாவது?

பெக்கான் நானாஸ் வட்டாரத்தில் தமிழகத்து உறவு விட்டுப்போகாத குடும்பங்கள் பல. அந்த உறவுக்கு முதலில் பாலமாக இருந்தவை கப்பல்கள். ‘ரஜூலா’ 1973-இல் ஓய்வு பெற்றது. அடுத்து வந்த ‘சிதம்பரம்’ கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்து உயிர்கள் பலியாயின. கப்பல் பயணம் அத்தோடு முடிந்தது. பிறகு ஆகாய விமானம்தான் கதி.

விமான நிறுவனமோ தன் வரவு செலவைப் பார்த்தே வழித்தடத்தை வைத்துக்கொள்ளும், நிறுத்தும். ஏர் ஆசியா எக்ஸ் 2012-இல் டில்லி, மும்பைச் சேவைகளைக் கைவிட்டது. 2020-இல் கோவிட் வந்து விமானங்கள் முடங்கியபோது, முன்கூட்டியே பணம் கட்டிய பயணிகள் அந்நிறுவனத்தின் கடன்காரர் பட்டியலில் நின்றார்கள். 2021-இல் அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டது ரொக்கம் அல்ல. பின்னாளில் பறப்பதற்கான பற்றுச்சீட்டு.

நம் நாட்டில் பயணிகள் பாதுகாப்பு விதிகள் 2016-இல் வந்தன. 2024 செப்டம்பரில் திருத்தப்பட்டன. விமானம் ரத்தானாலோ, ஐந்து மணி நேரமும் அதற்கு மேலும் தாமதமானாலோ, பயணம் வேண்டாம் என்பவர் பணத்தையே கேட்கலாம். செலுத்திய வழியிலேயே 30 நாளில் அது திரும்ப வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. செனாயிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு நிறுவனத்திலும், அங்கிருந்து திருச்சிக்கு வேறு நிறுவனத்திலும் தனித்தனிச் சீட்டு எடுத்தால், முதல் விமானத்தின் நேரம் மாறி இரண்டாவது தவறும்போது நஷ்டம் நம் தலையில்தான். முடிந்தவரை ஒரே பதிவாக எடுங்கள்.

வழித்தடம் நிற்பதை நம்மால் தடுக்க முடியாது. நம் பணத்தைக் கேட்டு வாங்க முடியும். கேட்போம்!