பாடகரின்றிப் பாடல்: பொப் நட்சத்திர உற்பத்தி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பொப் இசை பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரு நிலைகளுள் ஒன்றைச் சார்ந்து நிற்பர். ஒரு சாரார் அதனை இளந்தலைமுறையின் தன்னியல்பான குரலெனப் போற்றுவர். மறுசாரார் போலியெனத் தூற்றுவர். ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினும், பாடுபவரின் நேர்மையையே அளவுகோலாகக் கொள்ளும் வகையில் இவ்விரு நோக்குகளும் ஒன்றே. இளம் நட்சத்திரம் எத்தகைய உற்பத்தி உறவுகளுக்குள் வைத்து உருவாக்கப்படுகிறார், அவரது குரலும் முகமும் பெயரும் யாருடைய உடைமை என்னும் வினாக்களை இரு சாராரும் எழுப்புவதில்லை. இவ்வினாக்களை முன்வைத்து, ஐக்கிய அமெரிக்காவில் 1960களில் நிகழ்ந்த ஒரு வரலாற்றை நாம் இங்கு நோக்குவோம்.

கார்ல் மார்க்ஸ் தமது பொருளாதார எழுத்துக்களில் ஒரு பாடகியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். தன் பாட்டைத் தானே விற்கும் பாடகி மூலதனத்தை ஆக்குவதில்லை. அதே பாடகியை ஒரு முதலாளி பணத்துக்கு அமர்த்திப் பாடச்செய்யும்போது அவள் மூலதனத்தை உற்பத்தி செய்யும் தொழிலாளியாகிறாள். பாட்டு மாறவில்லை, தொண்டையும் மாறவில்லை, உறவே மாறுகிறது. மார்க்ஸ் அறிந்திராத இசைத்தட்டும் தொலைக்காட்சியும் இவ்வுறவினை எங்கு கொண்டு சென்றன என்பதே நமது அக்கறையாகும்.

டொன் கேர்ஷ்னர், அல் நெவின்ஸ் என்னும் இருவரும் 1958 இல் நியூயோர்க்கில் அல்டன் மியூசிக் என்ற பாடல் வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். பிரோட்வே வீதி 1650 ஆம் இலக்கக் கட்டடத்திலிருந்த அதன் சிற்றறைகளில், இருபது வயதை எட்டியும் எட்டாமலும் இருந்த இளைஞர்கள் பியானோவின் முன் அமர்ந்து, பதின்ம வயதினர் கேட்பதற்கான பாடல்களை நாள்தோறும் எழுதினர். கரோல் கிங், ஜெரி கொஃபின் தம்பதியர் இவர்களுள் முக்கியமானவர்கள். ஆலையின் தன்மை இங்கு வெளிப்படையானது. எழுதுபவர் ஒருவர், வாசிப்பவர் வேறொருவர், பாடுபவர் மற்றொருவர். பதிப்புரிமையோ நிறுவனத்துக்குரியது.

பாடுபவரின் நிலை இவ்வேலைப் பிரிவினையில் எத்துணைத் தளர்ந்தது என்பதற்கு லிட்டில் ஈவா தக்க சான்றாவார். கொஃபின், கிங் இல்லத்தில் குழந்தையைப் பராமரித்து வந்த இக்கறுப்பினப் பெண், அவர்கள் எழுதிய 'தி லோகோமோஷன்' பாடலை 1962 இல் தமது பத்தொன்பதாவது வயதில் பாடினார். கேர்ஷ்னரின் சொந்த இசைத்தட்டு நிறுவனமே அதனை வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. ஆனால் பத்தாண்டு செல்லுமுன் அவர் இசைத்துறையை விட்டு விலகித் தெற்கே திரும்பி, எளிய வேலைகள் செய்து வாழ நேர்ந்தது. பாடல் மட்டும் பிறர் குரல்களில் மீண்டும் மீண்டும் விலைபோயிற்று.

1963 இல் அல்டன் நிறுவனம் கொலம்பியா பிக்சர்ஸ் என்ற திரைப்பட நிறுவனத்தின் ஸ்கிரீன் ஜெம்ஸ் பிரிவுக்கு விற்கப்பட்டது. இது நமது வரலாற்றில் திருப்புமுனையாகும். பாடல், தொலைக்காட்சி, விளம்பரம் ஆகிய மூன்றும் ஒரே மூலதனத்தின் கீழ் வந்தன. இந்நிலையில், பீற்றில்ஸ் குழுவினரின் 1964 ஆம் ஆண்டுத் திரைப்படம் பெற்ற வெற்றியைக் கண்ட பொப் றஃபெல்சன், பேர்ட் ஷ்னைடர் என்னும் தயாரிப்பாளர்கள், ஒரு இசைக்குழுவைப் பற்றிய நகைச்சுவைத் தொடரைத் திட்டமிட்டனர். 1965 செப்டெம்பரில் ஹொலிவூட் தொழிற் பத்திரிகைகளில் பதினேழு முதல் இருபத்தொரு வயது வரையான நால்வர் தேவை என விளம்பரம் வெளிவந்தது. நானூறுக்கு மேற்பட்டோர் தோன்றினர். டேவி ஜோன்ஸ், மிக்கி டொலென்ஸ், மைக்கல் நெஸ்மித், பீற்றர் ரோர்க் ஆகியோர் தெரிவு செய்யப்பட்டு 'மங்கீஸ்' ஆயினர். குழுவொன்று இருந்து அதற்கு நிகழ்ச்சி கிடைக்கவில்லை என்பதும், நிகழ்ச்சிக்கெனக் குழு அமர்த்தப்பட்டது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

1966 செப்டெம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பமாயிற்று. இசைப் பொறுப்புக் கேர்ஷ்னருடையது. ஒவ்வொரு வாரமும் தொடர் பாடலை விளம்பரப்படுத்த, பாடல் தொடரை விளம்பரப்படுத்தியது. சோற்றுப் பெட்டி முதலிய பண்டங்களிலும் நால்வரின் முகங்கள் விற்கப்பட்டன. முதலிரு இசைத்தட்டுகளும் தொடர்ச்சியாக 31 வாரங்கள் அமெரிக்கப் பட்டியலின் முதலிடத்தில் நிலைத்தன. அவற்றில் நால்வரின் குரல்கள் ஒலித்தன. வாத்தியங்களைப் பெரும்பாலும் வாசித்தவர்களோ ஒலிப்பதிவுக் கூடத்துக் கூலிக் கலைஞர்கள்.

எனினும் மூலதனம் தனக்கெதிரான முரண்பாட்டைத் தானே தோற்றுவித்தது. இசைத்தட்டு விற்பனையைப் பெருக்க மேடைக் கச்சேரிகள் தேவைப்பட்டன. மேடையில் நால்வரும் தாமே வாசிக்க வேண்டியிருந்தது. முரசு வாசிக்க அறியாத நடிகரான டொலென்ஸ் அதனைக் கற்றார். 1966 டிசெம்பரில் அவர்கள் மேடையேறினர். நடிப்பதற்கு அமர்த்தப்பட்டோர் உண்மையான இசைக்குழு ஆகிய கணத்திலிருந்து, தாம் ஆக்காத பண்டத்தில் தம் பெயர் பொறிக்கப்படுவதை அவர்களால் ஏற்க இயலவில்லை. இரண்டாவது இசைத்தட்டு 1967 சனவரியில் அவர்களுக்கு அறிவிக்கப்படாமலே வெளியாயிற்று. சுற்றுப்பயணத்திலிருந்த நால்வரும் தமது இசைத்தட்டைத் தாமே கடையில் வாங்க நேர்ந்தது. பதிவுகளில் தாம் வாசிக்கவில்லை என்பதை நெஸ்மித் பத்திரிகைக்கு வெளிப்படையாகக் கூறினார். விடுதியொன்றில் நிகழ்ந்த சந்திப்பில் நிறுவன வழக்கறிஞர் ஒப்பந்தத்தை நினைவூட்டியபோது, அவர் சுவரைக் குத்தி உடைத்தார். இச்சம்பவத்தைக் கோமாளித்தனமாகவே இசைப் பத்திரிகைகள் எழுதி வந்துள்ளன. ஒப்பந்தத்தின் முன் நின்ற ஒரு தொழிலாளியின் கோபம் என்று அதனை நாம் வாசிக்கலாம்.

பெப்ரவரியில் கேர்ஷ்னர் நீக்கப்பட்டார். நால்வரும் பெரும்பாலும் தாமே வாசித்து ஆக்கிய 'ஹெட்குவாட்டர்ஸ்' அதே ஆண்டு மே மாதம் வெளியாகி, ஒரு வாரம் மட்டும் முதலிடத்திலிருந்து, பீற்றில்ஸ் குழுவின் 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டுக்கு இடம்விட்டது. இவ்வெற்றியை மிகைப்படுத்தல் கூடாது. ஒலிபரப்பும் பதிப்புரிமையும் 'மங்கீஸ்' என்ற பெயரும் நிறுவனத்திடமே இருந்தன. வாசிக்கும் உரிமை கைமாறியது, உடைமை கைமாறவில்லை. 1968 இல் தொடர் நிறுத்தப்பட்டது.

கேர்ஷ்னர் கற்ற பாடம் வேறு. அடுத்து அவர் தெரிந்தெடுத்த குழு கேலிச்சித்திரக் கதையொன்றின் பாத்திரங்களான 'ஆர்ச்சீஸ்' ஆகும். 1968 இல் தொலைக்காட்சியில் அசைபடமாக அது தோன்றியது. சித்திரங்கள் சம்பளம் கேட்பதில்லை, பத்திரிகையாளரிடம் பேசுவதில்லை, மூப்படைவதும் இல்லை. 'சுகர் சுகர்' என்ற அவர்களது பாடல் 1969 ஆம் ஆண்டு முழுமைக்கும் பில்போர்ட் சஞ்சிகையின் முதலாவது பாடலாகக் கணிக்கப்பட்டது. அட்டையில் பதித்த ஆர்ச்சீஸ் பாடல்கள் காலையுணவுத் தானியப் பெட்டிகளின் முதுகில் ஒட்டி விற்கப்பட்டன; பிள்ளைகள் அவற்றை வெட்டியெடுத்து இசைத்தட்டாகச் சுழலவிட்டனர். எனினும் உழைப்பு அழிந்துவிடவில்லை, மறைக்கப்பட்டது. சித்திரத்தின் பின்னிருந்து பாடியவர் றொன் டான்ரே என்பவர். அதே ஆண்டில், இல்லாத மற்றொரு குழுவின் பெயராலும் அவரது குரல் விலைபோயிற்று.

வெகுசன இசையைப் பற்றி 1941 இல் எழுதிய தியடோர் அடோர்னோ, அதன் தரப்படுத்தலையும் போலித் தனித்துவத்தையும் கூர்மையாக எடுத்துக்காட்டினார். நாம் அவருக்குக் கடமைப்பட்டுள்ளோம். ஆயின் பண்டத்தையும் நுகர்வோரையும் கண்ட அளவுக்கு அவர் பண்டத்தை ஆக்கும் உழைப்பாளியைக் காணவில்லை. ஆலையினுள் எழும் பூசல் அவரது ஆய்வில் இடம்பெறவில்லை. அமெரிக்க ஜாஸ் இசையின்பால் அவர் கொண்ட வெறுப்பும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

அப்பூசல் பின்னரும் ஓயவில்லை. விமானங்களை வாடகைக்கு விட்ட லூ பேர்ள்மன் என்பவர் 1990களில் புளோரிடாவில் பக்ஸ்ட்ரீட் போய்ஸ் குழுவை அமைத்துத் தம்மையும் அதன் ஆறாவது உறுப்பினராகக் கணக்கிட்டுப் பங்கு பெற்றார். 1998 இல் குழுவினரே அவர்மீது வழக்குத் தொடுத்தனர். தென்கொரியாவின் சியோல் நகரில் இம்முறை மேலும் ஒழுங்குபடுத்தப்பட்டது. பிள்ளைகளைச் சிறு வயதிலேயே தெரிந்து, ஆண்டுக்கணக்கில் பயிற்றி, அச்செலவை அவர்களது வருவாயிலிருந்து மீட்கும் முறை அங்கு நிலைபெற்றது. 2009 இல் டொங் பாங் ஷின் கி குழுவின் மூவர் தமது பதின்மூன்று ஆண்டு ஒப்பந்தத்துக்கு எதிராக நீதிமன்றம் சென்று இடைக்காலத் தீர்ப்புப் பெற்றனர். அவ்வாண்டே அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு ஒப்பந்தக் காலத்தை ஏழாண்டாக வரையறுக்கும் மாதிரி ஒப்பந்தத்தை வெளியிட்டது. பயிற்சியிலிருந்து விலகும் பிள்ளைகளிடம் செலவின் இரண்டு மூன்று மடங்கைக் கோரும் விதிகளைத் திருத்துமாறு அதே ஆணைக்குழு 2017 இல் நிறுவனங்களைப் பணித்தது.

2023 சனவரியில் சியோலில் மேவ் என்ற பெயரில் நான்கு பெண்களைக் கொண்ட புதிய குழுவொன்று அறிமுகம் செய்யப்பட்டது. நால்வரும் கணினியில் வரையப்பட்டவர்கள்.