நேபாள நிலநடுக்க நிவாரணச் சரக்குப் போக்குவரத்து (2015)

2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை முற்பகல் 11.56 மணிக்கு நேபாளத்தின் கோர்க்கா மாவட்டத்தில் பார்பக் கிராமத்தின் அருகே மையம் கொண்டு 7.8 அளவில் நிலம் அதிர்ந்தது. மே 12 அன்று 7.3 அளவில் மீண்டும் ஓர் அதிர்வு. ஏறத்தாழ 9,000 பேர் உயிரிழந்தனர். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்தன. அரிசி, தார்ப்பாய், மருந்து, கூரைத் தகரம் என உயிர்காக்கும் பொருள்களை விமானம், கப்பல், ரயில், லாரி, ஹெலிகாப்டர், கோவேறு கழுதை, மனித முதுகு என்று மாற்றி மாற்றி ஏற்றி மலைக்கிராமங்களுக்குக் கொண்டுசேர்த்த பணி, பல்வகைச் சரக்குப் போக்குவரத்தின் கடினமான தேர்வுகளில் ஒன்று. வண்டி ஓடும் வேகத்தைவிட, சுமை ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் ஆகும் தாமதமே நிவாரணத்தின் கதியைத் தீர்மானிக்கிறது என்பதை இப்பணி நெடுகிலும் காணலாம்.

நேபாளத்துக்குக் கடற்கரை கிடையாது. அன்று இருந்த பன்னாட்டு விமான நிலையமும் ஒன்றுதான்: காத்மாண்டுவின் திரிபுவன். அதற்கு ஒரே ஓடுபாதை. அதே ஆண்டு மார்ச் 4 அன்று டர்க்கிஷ் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று ஓடுபாதையைவிட்டு விலகிப் புல்தரையில் சிக்கியபோது, நாட்டின் பன்னாட்டு வான்வழித் தொடர்பு சில நாள்கள் அறுந்துபோயிருந்தது. ஏழு வாரங்கள் கழித்து வந்த நிலநடுக்கத்தில் ஓடுபாதை பெரிய சேதமின்றித் தப்பியது பெரும் பேறு. ‘ஆபரேஷன் மைத்ரி’ என்ற பெயரில் இந்திய விமானப்படை சில மணி நேரத்திலேயே மீட்புக் குழுக்களையும் பொருள்களையும் இறக்கத் தொடங்கியது. அடுத்தடுத்த நாள்களில் உலகெங்குமிருந்து விமானங்கள் வந்து குவிய, நிறுத்த இடம் போதவில்லை. வானில் வட்டமடித்துக் காத்திருந்தவையும் உண்டு. தரையிறங்காமலே திரும்பிப் போனவையும் உண்டு.

மே 3 அன்று, ஓடுபாதையில் விரிசல்கள் தென்பட்டதால், 196 டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள விமானங்கள் இறங்கக் கூடாது என்று விமான நிலைய நிர்வாகம் தடை விதித்தது. பெரிய சரக்கு விமானங்கள் கொண்டுவந்திருக்கக்கூடிய சுமையைச் சிறிய விமானங்கள் பல நடைகளாகக் கொண்டுவர வேண்டியதாயிற்று. சுங்கச் சோதனையிலும் பொருள்கள் தேங்குவதாக ஐ.நா. அதிகாரிகள் வெளிப்படையாகவே முறையிட்டனர். நேபாள அரசு தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் இறக்குமதி வரியை நீக்கியது.

இந்த நெருக்கடியில் கைகொடுத்தது முன்கூட்டியே செய்திருந்த ஓர் ஏற்பாடு. உலக உணவுத் திட்ட அமைப்பு, திரிபுவன் விமான நிலையத்தை ஒட்டி நிவாரணப் பொருள்களைப் பிரித்து அடுக்கி அனுப்புவதற்கான தளம் ஒன்றை நிலநடுக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்புதான் திறந்திருந்தது. இறங்கிய சரக்கு ஓடுபாதையின் ஓரத்தில் மலைபோல் குவியாமல் உடனே அகற்றப்பட்டு, மாவட்டவாரியாக லாரிகளில் ஏறியது. அந்தத் தளம் இல்லாமலிருந்தால் முதல் சில வாரங்கள் இன்னும் எவ்வளவு மோசமாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

அவசரப் பொருள்களுக்கு விமானம் சரி. ஆயிரக்கணக்கான டன் அரிசியும் தகரமும் தரைவழியாகத்தான் வர முடியும். கடல்வழிச் சரக்குக்கு அன்று நேபாளத்தின் வாசல் கொல்கத்தா துறைமுகம். அங்கிருந்து சுமார் 700 கி.மீ. தொலைவிலுள்ள எல்லை நகரமான ரக்சௌல் வரை ரயில். எல்லையைத் தாண்டியதும் பீர்கஞ்சில் உலர் துறைமுகம். அகல ரயில் பாதை அதன் உள்ளேயே போகிறது. அங்கே கன்டெய்னர்கள் இறக்கப்பட்டு லாரிக்கு மாறும். பிறகு நாராயண்காட், முக்லிங் வழியாக மலைச்சாலை. சீனப் பக்கமிருந்து வரும் தாத்தோபானி வழி மண்சரிவில் அடைபட்டு மூடப்பட்டதால், தெற்கு வழியின் மேல் விழுந்த பாரம் மேலும் கூடியது.

லாரி போகும் தூரமும் விரைவில் முடிந்துவிடுகிறது. கோர்க்காவின் தேவ்ராலி, சிந்துபால்சோக்கின் சௌதாரா போன்ற இடங்களில் கிடங்குக் கூடாரங்கள் எழுந்தன. அதற்கு மேலே ஐ.நா.வின் வாடகை ஹெலிகாப்டர்கள் பறந்தன. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும். ஹெலிகாப்டர் தூக்கும் எடையும் அதற்கேற்பக் குறையும். மலை மேகங்கள் பகலில் திரண்டுவிடுவதால் காலை நேரமே பறப்பதற்கு ஏற்றது. இருக்கிற ஹெலிகாப்டர்களை வைத்தே சமாளிக்க வேண்டியிருந்தது. பிரிட்டன் அனுப்பிய மூன்று சினூக் ஹெலிகாப்டர்கள் நேபாளத்தின் அனுமதி கிடைக்காமல் இந்தியாவோடு நின்று திரும்பின. அவற்றின் இறக்கைகள் கிளப்பும் காற்று கட்டடங்களைச் சேதப்படுத்தும் என்பது அப்போது கூறப்பட்ட காரணம்.

ஹெலிகாப்டர் இறங்க இடமில்லாத ஊர்களுக்கு ஆள்களும் கோவேறு கழுதைகளுமே கதி. மலையேற்றச் சுற்றுலாவை நம்பி வாழ்ந்த சுமைதூக்கிகள் நிலநடுக்கத்தால் பருவ வருமானத்தை இழந்திருந்தனர். உலக உணவுத் திட்டம், மலையேற்றச் சங்கங்களின் துணையோடு அவர்களை ஆயிரக்கணக்கில் கூலிக்கு அமர்த்தியது. சரிந்துபோன ஒற்றையடிப் பாதைகளைச் சீரமைத்தவர்களும் அவர்களே. அந்தப் பாதையில் அரிசி சுமந்தவர்களும் அவர்களே. பாதிக்கப்பட்டவர்களின் கையில் கூலியாகப் பணமும், மேலே இருக்கும் ஊர்களில் உணவும் ஒரே செலவில் போய்ச் சேர்ந்தன. இந்த முழுப் பணியிலும் மிகச் சிறந்த முடிவு இதுதான்.

ஓர் ஆள் 30 கிலோ சுமப்பதாகக் கணக்கிட்டால், 10 டன் லாரிச் சுமையை மேலே கொண்டுபோக முந்நூறுக்கும் மேற்பட்டோர் வேண்டும். அதனால் கடைசி நடையின் அளவே முதல் மூட்டையின் அளவைத் தீர்மானிக்கிறது. துறைமுகத்தில் பெரிய பொதியாகக் கட்டுவது மலிவு. ஆனால் மலையடிவாரத்தில் அதைப் பிரித்து மறுபடி கட்ட நேர்ந்தால் நாள்கள் வீணாகும். மழையில் பொருளும் கெடும். தகரத் தகடுகளை மடிக்க முடியாது. குறுகிய பாதையில், காற்றடிக்கும் வளைவுகளில், நீண்ட தகட்டை முதுகில் சுமப்பது உயிருக்கே ஆபத்து.

ஜூன் நடுவில் தொடங்கும் பருவமழை பாதைகளை மீண்டும் அடைத்தது. செப்டம்பர் 20 அன்று புதிய அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், அதை எதிர்த்து, தெற்குச் சமவெளியில் வாழும் மதேசி மக்களின் அமைப்புகள் இந்திய எல்லையில் மறியலில் இறங்கின. ரக்சௌல்–பீர்கஞ்ச் வழி 2016 பிப்ரவரி வரை முடங்கிக் கிடந்தது. இது இந்தியாவின் அறிவிக்கப்படாத முற்றுகை என்று நேபாளம் குற்றம்சாட்ட, இந்தியா அதை மறுத்தது. இடையில் பெட்ரோல், டீசல் தட்டுப்பாடு லாரிகளை நிறுத்தியது. பனிக்காலத்துக்கு முன் மேலே போயிருக்க வேண்டிய கம்பளிகளும் கூரைப் பொருள்களும் தாமதமாயின. கூடாரங்களில் இருந்த குடும்பங்கள் அந்தக் குளிரை அப்படியே எதிர்கொண்டன.

நிலநடுக்கத்தின்போது ஒரே வான்வழி வாசலாக இருந்த திரிபுவனுக்கு மாற்றாக ஒரு பன்னாட்டு விமான நிலையம், இந்திய எல்லையை ஒட்டிய பைரஹவாவில் 2022 மே மாதம் திறக்கப்பட்டது. பொக்ராவில் மற்றொன்று 2023 ஜனவரி 1 அன்று வந்தது.