மெட்டில்லா வீணையும் ஒரு குரலும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நடக்கும் தமிழர்க்கு அயலூர் என்னும் எண்ணம் எளிதில் தோன்றாது. 18-ஆம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசர் அமைத்த அவ்வங்காடியில் நம் மொழியும் புழங்குகிறது. அதன் மேற்கு முனையில் கிழக்கேகோட்டை வாயிலைக் கடந்தால் பத்மநாபசுவாமி கோயிலும், அதனருகே நவராத்திரி மண்டபமும் உள்ளன. அம்மண்டபத்தில் பாடிய பெரும் வித்துவான்களுள் செம்மங்குடி சீனிவாச ஐயர் ஒருவர். அவர் பாட்டின் பின்னே ஒரு வாத்தியம் மறைந்து நின்றது.

அதுவே கோட்டு வாத்தியம். வீணையை ஒத்த அதில் மெட்டுக்கள் இல்லை. கருங்காலி உருளையைத் தந்திகளின்மேல் வழுக்கியே சுரங்களைப் பிறப்பிப்பர். ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு ஒலி இடையறாது செல்வதால், மனிதக் குரலின் கமகமே அதில் கேட்கும்.

வழுக்கு வாத்தியக்காரர் பிறர் பாட்டையும் உயர்த்துவர் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. அமெரிக்கக் கிதார் கலைஞர் ரை கூடர், நம் நாட்டு விசுவமோகன் பட்டுடன் 1993-இல் ஓர் இசைத்தட்டு அளித்தார். அவரே 1997-இல் வெளிவந்த இசைத்தட்டொன்றின் தயாரிப்பாளராகிக் கியூபாவின் முதிய பாடகரை உலகறியச் செய்தார்.

அவருக்கு நெடுங்காலம் முன்னரே இப்பணியைச் செய்தவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். கோட்டு வாத்தியத்தில் தேர்ந்த அவரிடம் நாராயண ஐயங்கார் அவ்வாத்தியத்தைக் கற்றார். 1908-இல் பிறந்த செம்மங்குடியோ பாட்டைக் கற்றார். இளமையில் எளிதில் இணங்காத தம் குரலை இடைவிடாப் பயிற்சியால் வென்றவர் செம்மங்குடி. மெட்டுக்கு அடங்காத நாதத்தைக் கேட்டுப் பழகிய செவி, அவ்வெற்றிக்குத் துணை நின்றிருக்கும் என்று நாம் கருதலாம்.

1939-இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் இசைக் கழகம் தோன்றியது. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதருக்குப் பின் செம்மங்குடி அதன் தலைமையை ஏற்று, 1963 வரை பணியாற்றினார். 1829 முதல் 1846 வரை ஆண்ட அம்மன்னரின் கீர்த்தனங்களைச் செப்பஞ்செய்து பரப்பியதில் இவ்விருவர்க்கும் பெரும் பங்குண்டு. காவிரிக்கரை ஆசிரியரின் பயிற்சி, கேரளத்து மன்னரின் பாட்டுக்கு இவ்வாறு உதவியது.

பிறந்த ஊரை விட்டு வந்த நாம், கொண்டு வந்தவை யாவை என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. கற்றதைப் புகுந்த ஊரின் செல்வத்துக்கு ஆக்கிக் கொடுத்தலே அவற்றுள் தலையாயது. செம்மங்குடியைப் போற்றும்போது, சகாராம ராவின் பெயரையும் உடன் சொல்லுவோமாக.