அரசுக்குப் பணம் கட்டும் செலவு யாருடையது?

அரசாங்கத்துக்குப் பணம் கட்டுவதற்கே தனியாகச் செலவு செய்ய வேண்டும் என்பது சிவகாசிக்காரர்களுக்குப் பழைய செய்தி.

கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923-இல் இங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். பதினோரே ஆண்டுகளில் வரி வந்துவிட்டது! 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வரி கட்டியதற்கு அடையாளமாக 'பேண்ட்ரோல்' என்ற காகிதப் பட்டையைத் தீப்பெட்டியில் ஒட்ட வேண்டியிருந்தது. வரியும் முதலாளியுடையது, பசையும் ஒட்டுக்கூலியும் அவருடையதே.

கலெக்டர் அலுவலகத்தில் வேலை என்றால் பஸ் கட்டணமும் சேரும். 1985-இல் தனி மாவட்டம் ஆகும்வரை இந்தப் பகுதி பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது; அதன் தலைமையிடமோ மதுரை. பட்டாசு ஆலை உரிமக் கட்டணத்துக்கு டிடி எடுத்தால் வங்கிக்குக் கமிஷன்.

கார்டு வந்ததும் இது ஒழிந்ததா? 2002 ஆகஸ்டில் ரயில்வேயின் இணைய டிக்கெட் விற்பனை தொடங்கியபோது, வரிசை போனது, சேவைக் கட்டணம் வந்தது. கார்டு தேய்த்தால் வங்கிகள் பிடிக்கும் தொகையை யார் ஏற்பது என்பதே அரசு அலுவலகங்களிலும் சிக்கல். பணமதிப்பிழப்புக்குப் பிறகுதான் மத்திய அரசு இறங்கி வந்தது: 2017 ஜனவரி 1 முதல், தனக்கு டெபிட் கார்டில் கட்டப்படும் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்கு அந்தச் செலவைத் தானே ஏற்றது. 1934-இல் பசைக்குக்கூடக் காசு தராத அரசு!

கிரெடிட் கார்டுக்கு இந்தச் சலுகை இல்லை.