நாற்றம் கவரும் சிரட்டைக் கரி

பழந்தமிழில் 'நாற்றம்' பெரிதும் நறுமணத்தையே குறித்தது. பிற்காலத்தில்தான் அச்சொல் தீநாற்றத்தைச் சுட்டலாயிற்று. அத்தீநாற்றத்தை வேறு மணத்தால் மறைப்பதினும் கரியால் கவர்வதே மேல் என்பதற்கு வரலாறு சான்று.

1854-இல் ஸ்காட்லாந்து வேதியியலறிஞர் ஜான் ஸ்டென்ஹவுஸ், லண்டன் மேன்ஷன் ஹவுஸ் நீதியறைக்குள் தீநாற்றம் புகாதவாறு மரக்கரி நிரப்பிய காற்றுவழியை அமைத்தார். 1915-இல் ஈப்பர் போர்க்களத்தில் ஜெர்மானியர் குளோரின் வாயுவை ஏவிய பின், கரியின் தேவை பெருகிற்று. 1918-இல் அமெரிக்கர் தம் முகமூடிகளுக்குத் தேங்காய்ச் சிரட்டையை நாடினர். சிரட்டைக்கரி உறுதியானது, நுண்துளை மிக்கது. நீராவியில் சுட்டுப் பதப்படுத்திய ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர்.

இன்று அறைக்குள் பயிர் வளர்ப்போரும், பயிரின் மணம் வெளியே பரவாதிருக்க, அக்கரி நிரப்பிய குழலை விசிறியோடு இணைக்கின்றனர். பத்து பகாட், பொந்தியான் கரையோரங்களில் தென்னை வளரும் ஜொகூருக்குச் சிரட்டை அரிதன்று. ஆயின் இடர் வேறிடத்தில் உள்ளது. காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டைக் கடந்தால், நீராவியே துளைகளை அடைத்துக் கரியின் ஆற்றலைக் குறைக்கும். ஜொகூர்க் காற்றோ பெரும்பாலும் அதனினும் ஈரமானது. ஆதலின் அங்கு முதலில் ஈரத்தை அடக்க வேண்டும். பின்னரே நாற்றம் அடங்கும்.