காப்பாரிலிருந்து பிரேசர் மலைக்கு மிதிவண்டியில்: ஏறும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காப்பார் வட்டாரம் கடலோரச் சமவெளி. பால் வெட்டப் போன தாத்தாவும் தமிழ்ப்பள்ளிக்குப் போன பேரனும் மிதித்த சைக்கிளுக்கு அங்கே கியர் தேவைப்பட்டதில்லை. மிதியை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்து மீட்டருக்கு மேல் போகும்; செம்பனைத் தோட்டத்து மண்சாலைக்கு அது போதும். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை விடியலில் சாலைப் பந்தய வண்டிகளோடு கிளம்புகிறார்கள். ஆனால் காப்பார் சாலை, துறைமுகத்துக்குப் போகும் கனரக லோரிகள் ஓடும் கூட்டரசு சாலை 5. அமைதியான சாலையைத் தேடினால் கண் தானாகவே கிழக்கே தெரியும் தித்திவங்சா மலைத்தொடர் பக்கம் போகும்.

அந்த மலைச்சரிவுகளில் உலு சிலாங்கூர், கோம்பாக், உலு லங்காட் மாவட்டங்களின் காடுகளை உள்ளடக்கி, ஒரு லட்சம் ஹெக்டருக்கு மேல் பரந்து கிடக்கிறது சிலாங்கூர் மாநிலப் பூங்கா. தாமான் நெகாராவைப் போல அது தேசியப் பூங்கா அல்ல. ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீர் பிறக்கும் காடு அதுதான். அந்த மலைகளை ஒட்டிச் செல்லும் பழைய சாலைகளில் மிதிவண்டிக்காரர்கள் அதிகம் பேசுவது கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சாலையைப் பற்றி. தூரம் சுமார் 40 கிலோமீட்டர். உச்சி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டருக்கு மேல்.

கோல லிப்பிஸ் நோக்கிய இந்த மலைப்பாதை 1890களில் போடப்பட்டது. அந்தக் காலத்து மலாயாவில் சாலை போடுவது என்றாலே பொதுப்பணித் துறையின் தமிழ்த் தொழிலாளர்கள்தான் பெரும்பாலும் நினைவுக்கு வருவார்கள். தோட்டத்துக்கு வந்தவர்களின் கதை எழுதப்பட்ட அளவுக்குச் சாலைக்கு வந்தவர்களின் கதை எழுதப்படவில்லை. மலைக்குப் பெயர் தந்த லூயிஸ் ஜேம்ஸ் பிரேசர் ஈய வியாபாரம் செய்த ஸ்காட்லாந்துக்காரர். 1910களில் அவர் எங்கே போனார் என்றே யாருக்கும் தெரியாமல் போயிற்று. அவரைத் தேடி வந்த சிங்கப்பூர்ப் பேராயர் ஆளைக் காணவில்லை, குளிர்ந்த மலையைக் கண்டார். 1919இல் வேலை தொடங்கி 1922இல் அது மலைவாசத் தலமாகத் திறக்கப்பட்டது.

இச்சாலையில்தான் 1951 அக்டோபர் 6ஆம் தேதி, பிரேசர் மலைக்குக் காரில் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி கம்யூனிஸ்டு கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம், முப்பது மீட்டருக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாத வளைவுகள். பதுங்கித் தாக்க வந்தவர்களுக்கு வசதியாக இருந்த அதே வளைவுகள்தான் இன்று மிதிவண்டிக்காரரையும் மறைக்கின்றன.

கோலகுபு பாருவை விட்டதும் சாலை சுங்கை சிலாங்கூர் அணையை ஒட்டிப் போகிறது. அணைக்காகப் பெர்தாக், கெராச்சி கிராமங்களின் தெமுவான் பூர்வக்குடி மக்கள் இடம்பெயர்க்கப்பட்டார்கள். அவர்களின் மறுகுடியேற்ற வீடுகள் வழியிலேயே உள்ளன. அணையைத் தாண்டியபின் கடை கிடைப்பது அரிது, கைப்பேசி அலையும் விட்டு விட்டுத்தான் வரும். அங்கிருந்து தி கேப் என்னும் கணவாய் வரை ஏற்றம் மெதுவானது. கணவாய் ஏறக்குறைய 840 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிச்சம் 8 கிலோமீட்டரில் சுமார் 400 மீட்டர் ஏற வேண்டும். அதாவது நூறு மீட்டர் போனால் ஐந்து மீட்டர் உயரம். படிக்கச் சிறிய கணக்கு, கால்களுக்குப் பெரியது.

இந்த 8 கிலோமீட்டரில்தான் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் இருக்கிறது. கணவாயிலிருந்து உச்சிக்குப் போகும் பழைய பாதை ஒரு வாகனம் மட்டும் போகும் அளவுக்குக் குறுகியது. அதனால் கதவு போட்டு, ஒரு நேரம் ஏறும் வாகனங்களையும் மறு நேரம் இறங்கும் வாகனங்களையும் மாற்றி மாற்றி விட்டார்கள். பிறகு புதிய பாதை வந்ததும் ஏறப் பழையது, இறங்கப் புதியது என்றாயிற்று. நிலச்சரிவால் புதிய பாதை மூடப்படும்போதெல்லாம் நேர முறை திரும்பி வரும்.

நேர முறை காருக்கு ஏற்றது. 8 கிலோமீட்டரைக் கார் இருபது நிமிடத்தில் ஏறிவிடும். மிதிவண்டி அப்படியல்ல. முன்னே 34 பல், பின்னே 32 பல் கொண்ட சக்கரத்தை நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம்தான் போக முடியும். உச்சியை எட்ட 50 நிமிடத்துக்கு மேலாகும். புதியவருக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டும். ஏறும் நேரம் முடியும் தறுவாயில் கணவாயைக் கடந்தவர் பாதி வழியில் இருக்கும்போதே, எதிரே யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கார்கள் இறங்கத் தொடங்கிவிடும். ஆகவே அன்றைக்கு எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த நேரம் எந்தப் பக்கம் என்பதை முந்திய நாளே விசாரித்துக்கொண்டு, ஏறும் நேரம் தொடங்கும்போதே நுழைய வேண்டும். நேரம் தவறினால் கணவாயில் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

ஏற்றத்துக்குப் பயப்படுவதைவிட இறக்கத்துக்குப் பயப்படுவது நல்லது. ஏற்றத்தில் முடியாவிட்டால் இறங்கி வண்டியைத் தள்ளலாம். இறக்கத்தில் அந்த வசதி இல்லை. சமவெளியில் பழகியவர் பிரேக்கை இடைவிடாமல் அழுத்தியபடியே இறங்குவார். சக்கர வளையத்தை ரப்பர் கட்டை பிடிக்கும் வகை வண்டியில் அந்தச் சூடு வளையத்தில் ஏறி டியூபையே வெடிக்க வைக்கலாம். டிஸ்க் பிரேக்கும் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிப்பை இழக்கும். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் அழுத்தி வேகத்தைக் குறைத்து, பிறகு கையை விட்டு வளைவுக்குள் போக வேண்டும். உடல் எடை சற்றுப் பின்னால் இருக்கட்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்து நிற்க, 20 கிலோமீட்டர் வேகத்துக்குத் தேவைப்படுவதைப்போல நான்கு மடங்கு தூரம் வேண்டும். சாலையில் பாசியும் ஈர இலையும் கிடந்தால் அதற்கும் மேல்.

மழை பெரும்பாலும் பிற்பகலில் பிடிக்கும். விடியலில் ஏறி நண்பகலுக்குள் இறங்கிவிடுவது பழகியவர்கள் வழக்கம். உச்சியில் வெப்பநிலை காப்பாரைவிட ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். வியர்வை நனைந்த சட்டையோடு இறங்கினால் விரல் மரத்து பிரேக் பிடிக்காது. மெல்லிய மழைச்சட்டை ஒன்று முதுகுப் பையில் கட்டாயம் வேண்டும். தொடர்மழை நாட்களில் மலைப் பக்கமே போக வேண்டாம். 2022 டிசம்பர் 16ஆம் தேதி பத்தாங் காலி–கெந்திங் சாலையோர முகாமில் நிலச்சரிவு 31 உயிர்களைக் கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க முடியாது. அதுவும் இதே மலைத்தொடர்தான்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. நாற்பது வயதுக்கு மேல் மிதிவண்டி வாங்குவோரில் பலர் மருத்துவர் சொல்லி வாங்குபவர்கள். ஆனால் 70 கிலோ எடையுள்ளவர் இந்த மலையில் ஏற மட்டுமே 900 கிலோகலோரி அளவுக்குச் செலவாகும். இனிப்புநீர் மாத்திரை போட்டுவிட்டு, பசியாறாமல் ஏறினால் நடுவழியில் சர்க்கரை இறங்கித் தலை சுற்றும். கோலகுபு பாருவில் தோசையோ ரொட்டி சானாயோ சாப்பிட்டுவிட்டு, சட்டைப்பையில் இரண்டு வாழைப்பழமும் கொஞ்சம் பேரீச்சையும் வைத்துக்கொள்ளலாம். மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டபிறகே மலை.

முதல் நாளே பிரேசர் மலைக்குக் கிளம்ப வேண்டியதில்லை. காப்பாருக்குக் கிட்டவே, புக்கிட் செராக்கா என்று பழைய பெயரில் அறியப்படும் ஷா ஆலாம் தாவரவியல் பூங்காவில் சின்னச் சின்ன மேடுகள் உண்டு. பிரேக்கைப் பழக அதைவிடப் பாதுகாப்பான இடம் பக்கத்தில் இல்லை. அடுத்த படி கோம்பாக்கிலிருந்து கெந்திங் செம்பாவுக்கு ஏறும் பழைய பெந்தோங் சாலை. காராக் நெடுஞ்சாலை வந்தபின் வாகனங்கள் அங்கே மாறிவிட்டதால் இது அமைதியாகிவிட்டது. அதில் மூச்சு வாங்காமல் ஏறி, பதறாமல் இறங்கப் பழகியவர் பிரேசர் மலையை யோசிக்கலாம். நெடுஞ்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

காரில்லாதவர்களுக்கும் வழியுண்டு. கிள்ளானில் ஏறினால் தஞ்சோங் மாலிம் செல்லும் கொமுட்டர் ரயில் கோலகுபு பாரு நிலையத்தில் நிற்கும். பட்டணம் அங்கிருந்து சில கிலோமீட்டர். மடக்க முடியாத வண்டியை எந்த நேரத்தில், எந்தப் பெட்டியில் ஏற்றலாம் என்பதை நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். திரும்பும் ரயில் நேரத்தையும் அப்போதே குறித்துக்கொண்டால், அதைப் பிடிக்கும் அவசரத்தில் இறக்கத்தில் வேகம் கூட்ட வேண்டியிருக்காது.